எலிக்குப் பலித்த கஷாயம் நமக்கும் பலிக்குமா? – வாசகர் கேள்வி பதில்

மூலிகைத் தேநீர்களைப் பற்றியும், அவற்றை ஆய்வக விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதிப்பதைப் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் விடை தரப்படுகிறது.

கேள்வி: என் கணவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடையில் வாங்கிய ஆவாரம்பூத் தேநீர்ப் பொட்டலத்தில் ‘விலங்கு ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே குடித்துவரலாம் என்கிறார். சரிதானா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பொட்டலத்தில் இருக்கும் வாசகம் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது சொல்லாத ஒன்றையும் உங்கள் கணவர் அதில் படித்துவிட்டார்.

ஆவாரம்பூவைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எலி ஆய்வுகளில் ஒன்று, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்து, சிங்கப்பூர் மருத்துவ இதழ் ஒன்றில் 2002இல் வெளியானது. பூவிலிருந்து நீரில் வடித்தெடுத்த சாற்றை, உடல் எடையில் கிலோவுக்கு 0.15, 0.30, 0.45 கிராம் என மூன்று அளவுகளில், 30 நாள்கள் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன, 0.45 கிராம் அளவில் பலன் நன்றாகத் தெரிந்தது. முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுதான், அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் அந்த எலிகளுக்குச் சர்க்கரை நோய் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் மருந்தை ஊசி வழியாக ஏற்றினால், அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொன்றுவிடும். ஓரிரு நாள்களில் சர்க்கரை ஏறிவிடும். நடுவயதில் நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை நோயோ, இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்க்காமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றுவது. ஊசியால் வந்த நோயும் உடல்வாகாலும் உணவாலும் வயதாலும் வந்த நோயும் இரத்தச் சோதனையில் ஒரே எண்ணைக் காட்டலாம், உள்ளே நடப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான் சில ஆய்வகங்கள் எலிக்கு முதலில் சில வாரங்கள் கொழுப்பு மிகுந்த தீனி போட்டுப் பருமனாக்கி, அதன்பின் அந்த மருந்தைச் சிறிய அளவில் மட்டும் ஏற்றுகின்றன.

அடுத்தது அளவு. கிலோவுக்கு 0.45 கிராம் என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 27 கிராம் என்று பெருக்கிவிடக் கூடாது. சிறிய உடலில் எல்லாம் வேகமாக எரிந்து தீர்வதால், உடலின் பரப்பளவைக் கொண்டு கணக்கிடுவதே வழக்கம். எலிக்குக் கொடுத்த அளவை 6.2ஆல் வகுத்தால் மனிதருக்கு இணையான அளவு தோராயமாகக் கிடைக்கும். சுண்டெலியென்றால் 12.3ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 73 மில்லிகிராம், 60 கிலோ எடைக்கு ஏறக்குறைய 4.4 கிராம் வருகிறது. அது பூவின் எடை என்று எண்ணிவிட வேண்டாம், வடித்தெடுத்த சாற்றின் எடை. ஒரு கோப்பைக்கு நீங்கள் போடும் ஒன்றிரண்டு கிராம் காய்ந்த பூவில் ஒரு பகுதிதான் வெந்நீரில் இறங்கும். ஆகவே எலிக்குப் பலன் தந்த அளவுக்கும் உங்கள் வீட்டுக் கோப்பைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப அதிகமாகக் காய்ச்சிக் குடிப்பதும் ஆபத்து, ஏனென்றால் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று தாழ்ந்து போகலாம். குடிக்கத்தான் வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையையும் தொடர்ந்து, சர்க்கரையை அடிக்கடி பார்த்துவரட்டும்.

கேள்வி: எலி எப்படித் தேநீர் குடிக்கும்? கசப்பான கஷாயத்தை நாமே முகம் சுளித்துத்தான் குடிக்கிறோம்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நல்ல கேள்வி. ஆய்வின் நம்பகத்தன்மையில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூண்டின் மேல் கவிழ்த்துச் செருகிய பாட்டிலில் தண்ணீருக்குப் பதில் தேநீரையே வைத்துவிடுவது. நாம் குடிப்பதுபோலவே அதுவும் தானாகக் குடிக்கும், துன்பமும் குறைவு. எலி ஒரு நாளில் 100 கிராம் எடைக்குச் சுமார் 10 மில்லி குடிக்கும், அதிலும் பெரும்பகுதி இரவில்தான். ஆனால் நிலவேம்பு போன்ற கசப்பை வைத்தால் அது குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும். தீனி குறைந்த எலிக்கு எடையும் இரத்தச் சர்க்கரையும் தாமாகவே இறங்கும். அதைக் கண்டு கஷாயம் சர்க்கரையைக் குறைத்தது என்று எழுதிவிட்டால், அது பட்டினியின் பலனைக் கஷாயத்தின் கணக்கில் எழுதியதாகும். இதனால்தான் ஒவ்வொரு நாளும் எவ்வளவு குடித்தது, எவ்வளவு தின்றது, எடை என்ன என்று ஆய்வுக் கட்டுரையில் கொடுத்திருக்கிறார்களா என்பதை நான் முதலில் தேடுவேன்.

மற்றொன்று, குழாய் வழியாக நேரே வயிற்றில் செலுத்துவது. முனையில் சிறு உருண்டை வைத்த, சற்று வளைந்த எஃகு ஊசிக்குழாய் இதற்கென்றே இருக்கிறது. வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து பார்த்து நீளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எலியின் பிடரித் தோலை இறுகப் பிடித்து, தலையை நிமிர்த்தி, வாயின் ஓரமாக நுழைத்து, அது விழுங்கும்போது உணவுக்குழாய்க்குள் வழுக்கிச் செல்ல விட வேண்டும். தடை தட்டினால் அழுத்தக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் எலி அங்கேயே மூச்சுத் திணறிவிடும். எலிக்கு வாந்தி எடுக்கவும் வராது, ஆகையால் உள்ளே போனது போனதுதான். 200 கிராம் எலிக்கு ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லி வரை கொடுப்பார்கள். கை பழகியவர் சில நொடிகளில் முடித்துவிடுவார். பழகாத கையில் அந்த விலங்கு படும் பாடு கொஞ்சமல்ல.

இந்த வழியில் அளவு துல்லியமாக இருக்கும், ஆனால் பிடிப்பதும் செலுத்துவதுமே எலியை மிரள வைக்கும், மிரட்சி இரத்தச் சர்க்கரையை ஏற்றும். எனவே ஒப்பீட்டுக் குழுவில் உள்ள எலிகளுக்கும் அதே குழாயில், அதே நேரத்தில், அதே அளவு வெறும் தண்ணீரைச் செலுத்தியாக வேண்டும். அவற்றைக் கூண்டில் சும்மா விட்டுவிட்டு ஒப்பிட்டிருந்தால் அந்த ஆய்வை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: என் தாயாருக்கு வலிப்பு நோய். கார்பமாசெபின் மாத்திரை எடுக்கிறார். காலையில் ஆவாரம்பூத் தேநீர் குடிப்பது எங்கள் வீட்டில் நெடுங்காலப் பழக்கம். இதில் ஏதும் தீங்கு உண்டா?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் தாயாரின் மருத்துவரிடம் இந்தத் தேநீரைப் பற்றி அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிற ஆய்வு ஒன்றை இலங்கை ஆய்வாளர்களே செய்து 2004இல் வெளியிட்டிருக்கிறார்கள். விஸ்டார் இன ஆண் எலிகளில் ஒரு குழுவுக்கு ஆவாரைத் தேநீரும் கார்பமாசெபினும், மற்றொரு குழுவுக்குக் கார்பமாசெபினும் வாலைநீரும் (காய்ச்சி வடித்த தூயநீர்), இன்னொன்றுக்கு வாலைநீர் மட்டும் என 5 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். தேநீரும் சேர்த்துக் குடித்த எலிகளின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு 47 விழுக்காடு கூடியிருந்தது. முடக்கத்தான் தேநீரையும் அதே முறையில் சோதித்தார்கள். அதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அந்த எலிகளிடம் நச்சுத்தன்மை கூடியதற்கான அறிகுறி தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கார்பமாசெபின், பலன் தரும் அளவுக்கும் தொல்லை தரும் அளவுக்கும் இடையே குறுகிய இடைவெளியே உள்ள மருந்து. அளவு கூடினால் தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவை வரலாம். எலியில் 47 விழுக்காடு கூடியதால் உங்கள் தாயாருக்கும் அவ்வளவு கூடும் என்பதில்லை. ஆனால் மருத்துவர் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து வேளையளவைத் தீர்மானிப்பவர்; தேநீர் குடிக்கும் நாளில் எடுத்த அளவை வைத்து முடிவுசெய்த பின், தேநீரைத் திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல்தான். அவரைக் கேட்காமல் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம், சட்டென்று விடவும் வேண்டாம்.

இத்தகைய ஆய்வுகள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஒரு மூலிகை நோயைத் தீர்க்கும் என்று காட்டப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் அன்றாடம் குடிக்கும் தேநீரும் மருத்துவமனை தரும் மாத்திரையும் ஒரே வயிற்றில் சந்தித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: நிலவேம்புக் குடிநீர் குடித்தால் ஆண்மை போய்விடும் என்று எலி ஆய்வு சொல்வதாக, டெங்குக் காலத்தில் பரவிய செய்தியை இன்னும் பலர் நம்புகிறார்கள். உண்மை என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தச் செய்திக்கு அடிப்படையான ஆய்வு உண்மையில் இருக்கிறது. 1990இல் வெளியான ஒரு கட்டுரையில், நிலவேம்பின் காய்ந்த இலைப் பொடியை ஆண் எலிகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 நாள்கள் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி நின்றுவிட்டதாகத் தெரிவித்தார்கள். 1997இல் வெளியான இன்னொரு கட்டுரையில், நிலவேம்பின் உலர்சாற்றை உடல் எடையில் கிலோவுக்கு 20, 200, 1000 மில்லிகிராம் என 60 நாள்கள் கொடுத்தும் எலியின் விரைகளில் எந்தப் பாதிப்பும் காணவில்லை என்றார்கள். 2017இல் நம் ஊரில் எழுந்த சச்சரவில் முதல் கட்டுரையைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாவதைச் சொல்லவில்லை. இரண்டாவதைக் காட்டியவர்கள் முதலாவதை இல்லையென்று தள்ளினார்கள்.

முதல் ஆய்வின் அளவு எட்டாத அளவு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எலியின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொண்டு முன்சொன்ன முறையில் கணக்கிட்டால், 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இலைப் பொடிதான் வருகிறது. ஆகவே ‘எலிக்கு மலையளவு கொடுத்தார்கள்’ என்று சொல்லி அதை ஒதுக்க முடியாது. ஆனால் கால அளவைக் கவனியுங்கள். எலியில் ஒரு விந்தணு உருவாகி முதிர ஏழு வாரங்களுக்குச் சற்று மேல் ஆகும். 60 நாள்கள் என்பது அந்தச் சுற்று முழுவதையும் உள்ளடக்கியது. மனிதரில் அதே சுற்றுக்குச் சுமார் பத்து வாரங்கள் ஆகும். காய்ச்சலுக்காகச் சில நாள்கள் குடிப்பவரை அந்த எலியோடு ஒப்பிட முடியாது.

மேலும், குடிநீர் என்பது நிலவேம்பு மட்டுமன்று. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்பாடகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு ஆகியவற்றோடு சேர்த்து ஒன்பது சரக்குகளை நீரில் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சி வடிப்பது. இலையை அப்படியே பொடித்துக் கொடுப்பதிலிருந்து மாறுபட்டது. சித்த மருத்துவர் சொன்ன நாள்களுக்கு, சொன்ன அளவில் குடிப்பதில் அச்சப்பட எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. நோய் இல்லாமலேயே மாதக்கணக்கில் குடிப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைப்பேற்றுக்கு முயல்பவர்கள், அதை விட்டுவிடுவது நல்லது. கருவுற்ற பெண்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

கேள்வி: செம்பருத்தித் தேநீர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று ஆய்வு இருக்கிறதாமே?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அமெரிக்காவில் 2010இல் வெளியான ஆய்வு அது. எலியில் அல்ல, மனிதரிலேயே செய்யப்பட்டது. இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்த 65 பேரில் ஒரு பகுதியினர் நாள்தோறும் மூன்று கோப்பை வீதம் 6 வாரங்கள் குடித்தார்கள். மேல் அளவு சராசரியாக 7 புள்ளிகள் குறைந்தது, மற்றவர்களுக்கு ஒரு புள்ளியளவே குறைந்தது. ஆனால் அவர்கள் குடித்தது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி அன்று. புளிச்சைக்கீரை வகையைச் சேர்ந்த செடியின் சிவந்த, புளிப்பான புல்லிதழ். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் கடைகளில் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

நம் செம்பருத்திப் பூவைப் பற்றி 1970களில் நம் நாட்டில் நடந்த எலி ஆய்வுகள் அது கருத்தரிப்பைத் தடுப்பதாகக் காட்டின. அதைப் படித்து அஞ்சுபவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே பூவின் சாற்றைப் பென்சீனில் வடித்தெடுத்தார்கள். நீரில் இறங்கும் சத்து வேறு, பென்சீனில் இறங்கும் சத்து வேறு. சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ வடித்த சாற்றை வைத்துச் செய்த ஆய்வு, நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், உங்கள் கோப்பையில் இருக்கும் தேநீரைப் பற்றியதாகாது.

கேள்வி: நூற்றாண்டுகளாக நம் முன்னோர் குடித்துப் பார்த்த மூலிகைகளை மறுபடியும் எலிகளை வதைத்துச் சோதிக்க வேண்டுமா? மனசாட்சி ஒப்பவில்லை.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மனசாட்சி கேட்பதை நானும் கேட்கிறேன், ஆனாலும் முழுவதும் உங்கள் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை. அனுபவ அறிவு பெரியது; குடித்த மறுநாளே வாந்தியும் பேதியும் வந்தால் முன்னோர் கண்டுபிடித்துவிடுவார்கள். பல ஆண்டுகள் கழித்து ஈரலில் தோன்றும் கேட்டுக்கும் அன்று குடித்த இலைக்கும் உள்ள தொடர்பை ஒரு குடும்பத்தின் அனுபவம் கண்டுபிடிப்பது அரிது.

ஜமைக்காத் தீவில் குழந்தைகளுக்கு வயிறு வீங்கி ஈரல் கெடும் நோய் ஒன்று இருந்தது. 1950களில் அங்கிருந்த மருத்துவர்கள், ஈரலின் நுண்ணிய நாளங்கள் அடைபடுவதே அந்த நோய் என்றும், வீட்டுப் பெரியவர்கள் சளிக்கும் காய்ச்சலுக்கும் நம்பிக்கையோடு கொடுத்துவந்த காட்டிலைத் தேநீரே அதற்குக் காரணம் என்றும் கண்டார்கள். அதில் சேர்ந்த ஒரு செடி, நம் வயல்வரப்பில் வளரும் கிலுகிலுப்பையின் இனம். அந்தச் செடிகளில் உள்ள பைரோலிசிடின் வகை நச்சு விலங்குகளின் ஈரலையும் தாக்குவது ஆய்வகங்களில் உறுதியானது. காம்ஃப்ரி என்னும் மூலிகையிலும் அதே வகை நச்சு உண்டு. அதன் இலையையும் வேரையும் தின்ற எலிகளுக்கு ஈரலில் கட்டிகள் வந்ததை 1978இல் வெளியான ஆய்வு காட்டியது. 2001இல் அமெரிக்க அரசு, காம்ஃப்ரி கலந்த உட்கொள்ளும் பண்டங்களைச் சந்தையிலிருந்து விலக்குமாறு தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. எத்தனையோ தலைமுறைகள் தேநீராகக் குடித்த மூலிகைதான் அதுவும்.

நமக்கு நெருக்கமான கற்றாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு மடலையும் தோலோடு அரைத்து, மஞ்சள் பாலை நீக்காமல் எடுத்த சாற்றைக் குடிநீரில் கலந்து, அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் இரண்டு ஆண்டுகள் எலிகளுக்குக் கொடுத்தது. எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதே சாற்றைக் குடித்த சுண்டெலிகளுக்கு வரவில்லை. நெருங்கிய இரண்டு இனங்களே ஒத்துப்போகாதபோது, மனிதருக்கு என்ன ஆகும் என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவந்தது எவ்வளவு சரியானது என்று இந்த ஆய்வைப் படித்தபோது வியந்தேன். கழுவாத கற்றாழைச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து விற்பவர்கள்தாம் மரபை மறந்தவர்கள்.

அப்படியானால் வதைக்கலாமா என்றால், கூடாது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் வகுத்த நெறி இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது: விலங்கில்லாமல் செய்ய வழியிருந்தால் அப்படியே செய்க; இயலாதபோது எண்ணிக்கையைக் குறைக்க; துன்பத்தைக் குறைக்க. முன்பெல்லாம் ஒரு பொருளின் நச்சளவைக் கண்டறிய, பாதி விலங்குகள் சாகும் அளவு எது என்று தேடி ஏராளமான எலிகளைக் கொன்றார்கள். அந்தச் சோதனை முறையை 2002இல் பன்னாட்டு வழிகாட்டி நெறிகளிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இப்போது ஒரு படிக்கு மூன்று எலிகள் போதும்; 14 நாள்கள் கூர்ந்து கவனித்து அடுத்த படிக்குப் போகலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஏற்கெனவே பலமுறை காட்டப்பட்ட ஒரு மூலிகையையே எடுத்து, அதே ஸ்ட்ரெப்டோசோடோசின் எலி, குழுவுக்கு ஆறு, சர்க்கரை குறைந்தது என்று பட்டத்துக்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் ஆய்வுகள். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்று குலுக்கிப் பிரித்தார்களா, அளந்து பார்த்தவருக்கு அது எந்தக் குழு எலி என்று தெரியாமல் மறைத்தார்களா என்ற இரண்டு செய்திகள்கூட அவற்றில் பலவற்றில் இருப்பதில்லை. யாருக்கும் புதிதாக எதையும் கற்றுத்தராமல் அந்த உயிர்கள் போகின்றன. அத்தகைய ஆய்வுக்கு அனுமதி தராமல் திருப்பியனுப்பும் துணிவு நெறிமுறைக் குழுக்களுக்கு வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் துளசித் தேநீரை வெள்ளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கலாமா, ஐயா?
– ஒரு மாணவி, ஈரோடு

பதில்: கூடாது, அம்மா. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகளின்படி, பதிவுபெற்ற நிறுவனத்தில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் விலங்குகளை வைத்துச் சோதிக்க முடியும். வீட்டிலும் பள்ளியிலும் அதற்கு இடமில்லை.

ஆனால் எலி இல்லாமலேயே நல்ல ஆய்வொன்றைச் செய்யலாம். காய்ந்த துளசி இலையை 2 கிராம் வீதம் மூன்று பங்காக எடைபோட்டு, ஒரே அளவு வெந்நீரில் முறையே 3, 5, 10 நிமிடங்கள் ஊறவிட்டு வடிகட்டு. முன்கூட்டியே எடை பார்த்து வைத்த தட்டுகளில் அந்தத் தேநீரை ஊற்றி, தூசி விழாமல் மெல்லிய துணியால் மூடி, வெயிலில் நீர் முழுவதும் வற்றும் வரை வைத்துவிட்டு மறுபடியும் எடை பார். கூடியிருக்கும் எடைதான் இலையிலிருந்து நீரில் இறங்கிய சாறு. பள்ளி ஆய்வகத்தில் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருந்தால் ஆசிரியரைக் கேட்டுப் பயன்படுத்திக்கொள். வெறும் தண்ணீரையும் ஒரு தட்டில் வற்றவிட்டு, அதில் தங்கும் உப்பின் எடையைக் கழிக்க மறந்துவிடாதே. ஈரோட்டுக் குழாய்த் தண்ணீரானாலும் ஆழ்துளைக் கிணற்று நீரானாலும், எல்லாத் தட்டுக்கும் ஒரே தண்ணீரையே பயன்படுத்து.